எம்மா பொவாரியின் கணக்கு

ஃப்ளாபேரின் 'மதாம் பொவாரி'யைப் படித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், எம்மா ஏன் விஷம் குடித்துச் செத்தாள் என்று. கல்யாணமான பெண், கள்ளக்காதல், கனவு உடைந்தது, செத்தாள் என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். 1857ல் பாரிஸில் அந்த நாவல் மீது வழக்குப் போட்ட அரசு வக்கீலும் கிட்டத்தட்ட இதே கண்ணோடுதான் படித்தார். பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று குற்றச்சாட்டு. ஃப்ளாபேர் விடுதலையானார். நாவல் பரபரப்பாக விற்றது.

ஆனால் கடைசி அத்தியாயங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். எம்மாவின் கள்ளக்காதல் கடைசி வரை கணவனுக்குத் தெரியாது. அவள் செத்த பிறகுதான் பழைய கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். காதலன் கைவிட்டபோது எம்மா படுத்த படுக்கையானாள், பிறகு எழுந்துவிட்டாள். அவள் எழுந்திருக்கவே முடியாமல் போனது வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்குத்தான். 24 மணி நேரத்தில் 8,000 பிராங்க் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சாமான் முழுவதும் ஏலம்.

அவள் சாவுக்குக் காரணம் காதல் என்றால், தேதி குறித்தது ஒரு புரோநோட்டு.

இது ஒரு நாவலோடு நின்றிருந்தால் ஃப்ளாபேரின் தனிப்பட்ட கற்பனை என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. 1605ல் வந்த 'டான் குயிக்சாட்'டில் தொடங்கி 1901ல் வந்த 'புடன்புரூக்ஸ்' வரைக்கும் ஐரோப்பிய நாவலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு அச்சு இது. ஆள் மாறும், ஊர் மாறும், நாணயம் மாறும். கடன் மட்டும் மாறாது.

அச்சு என்றால் என்ன?

கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சைப் படிப்பது புதிய விஷயம் இல்லை. ரஷ்யாவில் விளாதிமீர் பிராப் என்பவர் 1928ல் நாட்டுப்புற மாயக் கதைகளை எடுத்துக்கொண்டு, பாத்திரங்கள் யாராக இருந்தாலும் கதையில் நடக்கும் செயல்கள் மொத்தம் 31தான் என்று வரிசைப்படுத்திக் காட்டினார். ஒரு தடை விதிக்கப்படும், அது மீறப்படும், வில்லன் வருவான், நாயகன் புறப்படுவான்... இப்படி. எல்லாக் கதையிலும் 31ம் வராது. ஆனால் வருகிறவை அந்த வரிசையில்தான் வரும்.

நாவல்களுக்கு இதை வேறு விதமாகச் செய்தவர் இத்தாலியரான பிராங்கோ மொரெட்டி. 19ம் நூற்றாண்டு நாவல்களில் கதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்தார். 1998ல் ஆங்கிலத்தில் வந்த அந்தப் புத்தகத்தில் பால்சாக்கின் பாரிஸ் ஒரு அத்தியாயம். வசதி இல்லாத இளைஞர்கள் ஆற்றின் ஒரு பக்கம் குடியிருப்பார்கள். அவர்கள் ஆசைப்படுவதெல்லாம் மறு பக்கம் இருக்கும். கதை என்பது அந்த ஆற்றைக் கடப்பதுதான்.

ஆற்றைக் கடக்கக் காசு வேண்டும். காசு இல்லாதவன் என்ன செய்வான்? கடன் வாங்குவான். :-)

பிராப் செய்த மாதிரி கடன் கதையைப் படிப்படியாக எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

1. வருமானத்தைவிடப் பெரிய ஒரு ஆசை.
2. தானாகவே தேடி வந்து உதவும் ஒருவர். ("பணத்துக்கு என்ன அவசரம், மெதுவாகக் கொடுங்கள்!")
3. ஒரு கையெழுத்து.
4. தவணை தாண்டும். பழைய பத்திரத்துக்குப் பதில் புதிய பத்திரம், கொஞ்சம் பெரிய தொகைக்கு.
5. பத்திரம் கை மாறும். முகம் தெரிந்தவரிடம் பட்ட கடன் முகம் தெரியாதவரிடம் போய்ச் சேரும்.
6. கெடு.
7. வீடு வீடாக ஏறி இறங்குவது.
8. முடிவு. சாவு, அல்லது சொத்து வருவது, அல்லது கல்யாணம்.

எம்மாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். லெரூ என்ற துணி வியாபாரி முதலில் கழுத்துத் துணிகளைக் கொண்டுவந்து காட்டுகிறான், பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். பிறகு சீட்டில் கையெழுத்து. பிறகு கணவனிடமிருந்து பவர் பத்திரம் வாங்கச் சொல்லிக் கொடுக்கிறான். சீட்டுகள் ரூவென் நகரத்து வங்கிக்காரன் ஒருவனிடம் போகின்றன. கெடு வருகிறது. லெரூவிடமே போய்க் கெஞ்சினால், என் கையில் ஒன்றும் இல்லை என்கிறான். பத்திரத்தில் அவன் பெயர் இல்லையே! அப்புறம் எம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். காதலன் லெயோன் நழுவுகிறான். ஊர் நோட்டரி பணத்துக்குப் பதிலாக அவளையே கேட்கிறான். பழைய காதலன் ருடால்ஃபிடம் 3,000 பிராங்க் கேட்கிறாள். இல்லை என்கிறான். அங்கிருந்து நேராக மருந்துக் கடைக்காரர் வீட்டு ஆர்செனிக் இருக்கும் அறைக்கு.

எட்டுப் படிகளும் வரிசையாக.

முன்னோடிகள்

நாவல் என்ற வடிவமே பணத்தோடு சண்டை போட்டுக்கொண்டுதான் பிறந்தது. செர்வாண்டஸின் டான் குயிக்சாட் வீரக் கதைப் புத்தகங்கள் வாங்குவதற்காக விளைநிலத்தை விற்றவர். முதல் பயணத்தில் சத்திரக்காரன் கையில் பணம் இருக்கிறதா என்று கேட்கிறான். வீரர்கள் பணம் வைத்திருந்ததாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லையே என்கிறார் இவர். எழுதாவிட்டால் என்ன, எல்லா வீரர்களும் காசும் சுத்தமான சட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள் என்று சத்திரக்காரன் பாடம் நடத்துகிறான். வீரக் கதைக்கும் நாவலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு உரையாடலில் அடங்கிவிடும். நாவலில் சத்திரத்துக்கு வாடகை உண்டு. எழுதிய செர்வாண்டஸும் வரி வசூல் வேலை பார்த்து, கணக்கில் பணம் குறைந்ததற்காக 1597ல் செவில் நகரச் சிறையில் இருந்தவர்தான்.

1719ல் வந்த 'ராபின்சன் குரூசோ' இன்னும் ஒரு படி மேலே. தனித் தீவில் மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? அழுவான், சாமி கும்பிடுவான். குரூசோ காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் தனக்கு நேர்ந்த கெடுதல், மறு பக்கம் நல்லது என்று எழுதுகிறான். பற்று வரவு மாதிரியே! லூக்கா பச்சோலி 1494ல் வெனிஸில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை, ஆளில்லாத தீவு வரைக்கும் போய்விட்டது. உடைந்த கப்பலில் பணத்தைப் பார்த்ததும் இது இங்கே எதற்கும் உதவாது என்று அதைத் திட்டுகிறான். பிறகு யோசித்து எடுத்து வைத்துக்கொள்கிறான். எழுதிய டீஃபோ 1692ல் 17,000 பவுண்டு கடனோடு திவாலானவர் என்று தெரிந்தால் அந்த இடத்தில் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமும் வரும்.

காதல் கதைகளில் கூடவா?

கூடத்தான். ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' (1813) காதல் கதைகளுக்கெல்லாம் பாட்டி. அதில் ஒவ்வொரு ஆணும் அறிமுகமாகும்போதே கூட ஒரு எண் வருகிறது. பிங்லிக்கு வருடம் நாலாயிரம் ஐயாயிரம் பவுண்டு. டார்சிக்குப் பத்தாயிரம். அப்பா விட்டுப்போன சொத்து பிங்லிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பவுண்டு. ஒரு லட்சத்துக்கு வருடம் நாலைந்தாயிரம் என்றால் நாலு முதல் ஐந்து சதவீதம் வருமானம். கணக்கு கச்சிதமாக ஒத்துப்போகிறது. அன்றைய வாசகருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எலிசபெத்திடம் பெண் கேட்கும் காலின்ஸ், உன் பங்குக்கு வரப்போவது நாலு சதவீதக் கடன் பத்திரத்தில் ஆயிரம் பவுண்டுதான், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகு என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். வருடத்துக்கு 40 பவுண்டு. அப்பாவின் எஸ்டேட்டோ ஆண் வாரிசுக்குத்தான் போகும், அந்த வாரிசு இதே காலின்ஸ். அவரை எலிசபெத் வேண்டாம் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்வது ஒரு ஆளை மட்டும் இல்லை, தலைக்கு மேலே உள்ள கூரையையும்தான். அந்த 40 பவுண்டைத் தெரியாமல் படித்தால் அது ஒரு நகைச்சுவைக் காட்சி. தெரிந்து படித்தால் அவள் தைரியத்தின் அளவு தெரியும்.

எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) இன்னொரு உதாரணம். காற்றும் மழையும் ஆவியும் வெறியுமாக உள்ள நாவல். ஆனால் ஹீத்கிளிஃப் தன்னை அடித்து வளர்த்த ஹிண்ட்லியை எப்படிப் பழிவாங்குகிறான்? கத்தியால் இல்லை. சூதாடப் பணம் கொடுத்து, நிலத்தை ஈடு எழுதி வாங்கி, ஹிண்ட்லி செத்தபோது வீடே அவன் கையில். ஐரோப்பாவின் மிகக் கொந்தளிப்பான காதல் கதை ஒரு அடமானப் பத்திரத்தின் மேல் நிற்கிறது.

பால்சாக் என்ற கணக்குப்பிள்ளை

இந்த அச்சை முழு இயந்திரமாக ஆக்கியவர் பால்சாக். இருபதுகளில் பதிப்பகம், அச்சகம், எழுத்து வார்க்கும் பட்டறை என்று வரிசையாகத் தொடங்கி, 1828ல் எல்லாம் கவிழ்ந்து, அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் கடன்காரர்களுக்கு ஒளிந்து வாழ்ந்தவர். அதனால் அவர் நாவலில் தொகை தப்பாது.

'தந்தை கோரியோ'வில் (1835) சேமியா வியாபாரம் செய்து பணக்காரரான கிழவர், இரண்டு மகள்களைப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு மலிவான விடுதியில் கிடக்கிறார். மகள்களின் கடனை அடைக்க வெள்ளிப் பாத்திரத்தை உருக்கி விற்கிறார், வருமானப் பத்திரத்தை விற்கிறார். அதே விடுதியில் சட்டம் படிக்க வந்த ராஸ்டின்யாக். ஊரில் மொத்தக் குடும்பத்தின் வருட வருமானம் 3,000 பிராங்க், அதில் 1,200 இவனுக்கு. வோத்ரான் என்ற தப்பி வந்த கைதி அவனுக்கு ஒரு யோசனை சொல்கிறான்: ஒழுங்காகப் படித்து வக்கீலாகி நீ சம்பாதிக்கப் போவது சில்லறை. இந்த விடுதியிலேயே ஒரு பெண் இருக்கிறாள், அவள் அண்ணன் செத்தால் பத்து லட்சம் அவளுக்கு. அவளைக் கட்டிக்கொள், அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இரண்டு லட்சம் கொடு. இருபது சதவீதம் கமிஷன்!

பொருளாதார அறிஞர் தாமஸ் பிகெட்டி 2013ல் எழுதிய 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' என்ற பெரிய புத்தகத்தில் இந்தப் பேச்சை எடுத்து வைத்து விவாதிக்கிறார். உழைத்துச் சம்பாதிப்பதைவிடச் சொத்துள்ள இடத்தில் கல்யாணம் செய்வது லாபம் என்று இருந்த ஒரு சமூகத்தின் கணக்கை வோத்ரான் சரியாகத்தான் சொல்கிறான் என்பது அவர் கட்சி. கதையில் பிசாசு மாதிரி வருகிறவன் வாயில் இருப்பது அன்றைய புள்ளிவிவரம்.

'சேசர் பிரோத்தோ' (1837) கடன் கதையின் எட்டுப் படிகளையும் ஒரு வாசனைத் திரவிய வியாபாரியின் வாழ்க்கையாகவே எழுதிய நாவல். நிலத்தில் பணம் போடுகிறார், நோட்டரி பணத்தோடு ஓடிவிடுகிறான், வங்கி வங்கியாக ஏறி இறங்குகிறார், திவாலாகிறார். பிரெஞ்சு திவால் சட்டம் எப்படி நடக்கிறது என்று பால்சாக் நடுவில் வகுப்பே எடுக்கிறார். பிரோத்தோ பிறகு குமாஸ்தா வேலைக்குப் போய், மனைவியும் மகளும் வேலைக்குப் போய், கடைசிக் காசு வரை அடைத்து, இழந்த பெயரை மீட்கிறார். மீட்ட சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் அன்றைக்கே இறந்துவிடுகிறார்.

ஏன் திரும்பத் திரும்ப?

ஒரு அச்சைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் வருகிறது என்று கேட்பது மீதி.

முதல் காரணம் சட்டம். கடன் கட்டாதவனைச் சிறையில் போடும் வழக்கத்தை பிரான்ஸ் 1867லும், இங்கிலாந்து 1869லும்தான் பெரும்பாலும் கைவிட்டன. அதுவரைக்கும் கடன் என்றால் உடம்பையே ஈடு வைப்பது. டிக்கன்ஸின் அப்பா 1824ல் மார்ஷல்சி கடன் சிறைக்குப் போனார். ஒரு ரொட்டிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்தான் காரணம். பன்னிரண்டு வயதுப் பையன் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிக்கு லேபிள் ஒட்டப் போனான்.

இரண்டாவது காரணம் நாணயம். 19ம் நூற்றாண்டில் பவுண்டும் பிராங்கும் பல பத்து வருடங்களுக்குப் பெரிதாக மதிப்பு மாறவில்லை. ஆகவே நாவலாசிரியர் தைரியமாகத் தொகையை எழுதலாம், முப்பது வருடம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும். முதல் உலகப் போருக்குப் பிறகு விலைவாசி ஏறியதும் நாவல்களிலிருந்து தொகைகளே மறைந்துபோனதை பிகெட்டி கவனித்துச் சொல்கிறார்.

மூன்றாவது, எழுதியவர்களே கடனாளிகள். 1865ல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் வாங்கிய தஸ்தயெவ்ஸ்கி போட்ட கையெழுத்து பயங்கரமானது. 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் தராவிட்டால் அடுத்த ஒன்பது வருடத்துக்கு அவர் எழுத்தெல்லாம் பதிப்பாளருக்கே. அவர் ஒரு சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்து 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். மறு வருடம் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். (கெடுவுக்கு நல்ல முடிவும் உண்டு!)

நான்காவது, நாவல் வெளியான விதம். நிறைய நாவல்கள் பத்திரிகையிலோ மாதப் பகுதிகளாகவோ தவணை முறையில் வந்தன. தவணைக் கடனில் இருப்பதும் தொடர்கதையில் இருப்பதும் ஒரே பதற்றம்தான்: அடுத்த மாதம் என்ன ஆகும்?

சிரிப்பும் உண்டு

இந்த அச்சைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டியவர் கோகல். 'இறந்த ஆன்மாக்கள்' (1842) நாவலில் சிச்சிக்கோவ் ஊர் ஊராகப் போய், செத்துப்போன பண்ணையாட்களை விலைக்கு வாங்குகிறான். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அவர்கள் பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கிறார்கள், நிலக்கிழார் அவர்களுக்கு வரியும் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களை மொத்தமாகத் தன் பெயரில் காட்டி அரசாங்கத்திடம் அடகு வைத்துப் பணம் வாங்குவது திட்டம். ஐந்தொகையில் சொத்து இருக்கும், வயலில் இருக்காது. ஒரு கிழவி மட்டும் விற்கத் தயங்குகிறாள். சொல்லும் விலை குறைவோ, செத்தவர்களுக்கு இன்றைய மார்க்கெட் ரேட் என்னவோ என்று பயந்து விசாரிக்க நகரத்துக்கே கிளம்பிவிடுகிறாள். அங்கேதான் சிச்சிக்கோவின் வண்டவாளம் வெளியே வருகிறது.

டிக்கன்ஸின் 'லிட்டில் டோரிட்'டில் (1855-57) மெர்டில் என்ற வங்கிக்காரர் வருகிறார். நாடே அவரிடம் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் மரியாதை இல்லை. தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் எல்லாம் மோசடி என்று தெரிகிறது. 1856ல் இதே மாதிரி செத்த ஜான் சாட்லியர் என்ற வங்கி மோசடிக்காரர் டிக்கன்ஸுக்கு முன்மாதிரி. அதற்குப் பிறகு எத்தனையோ மெர்டில்கள் எத்தனையோ நாடுகளில் வந்துவிட்டார்கள். கதை ஒரு வரி மாறவில்லை.

கணக்கில் வராத ஒரு வரி

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. அச்சைத் தேடிப் பழகிவிட்டால் எல்லா நாவலும் ஒன்றே என்று தோன்ற ஆரம்பிக்கும். எம்மா ஒரு வாராக்கடன், கோரியோ ஒரு தேய்மானம் என்று முடித்துவிடலாம். அப்படி முடித்தால் லெரூவின் கண்ணால் எம்மாவைப் பார்த்ததாகிவிடும். அச்சு தெரிவதன் பயன் வேறு. எது அச்சுக்குள் அடங்கவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

'குற்றமும் தண்டனையும்' (1866) ஆரம்பத்தில் ரஸ்கோல்னிகவ் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான். கிழவி தருவது ஒன்றரை ரூபிள். மாதத்துக்கு ரூபிளுக்கு 10 கோபெக் வட்டி, அதையும் முன்னாலேயே பிடித்துக்கொள்கிறாள். இதற்கு 15, பழைய பாக்கிக்கு 20. கையில் கிடைப்பது 1 ரூபிள் 15 கோபெக். மாதம் பத்து என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். அவளைக் கொன்றால் நியாயம் என்று அவன் போடும் கணக்கு இங்கே ஆரம்பிக்கிறது. ஒரு உயிர் ஒரு பக்கம், காப்பாற்றக்கூடிய ஆயிரம் உயிர் மறு பக்கம்.

கொன்றான். பர்ஸை எடுத்தான். என்ன செய்தான்? எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கு அடியில் புதைத்தான். அதில் 317 ரூபிள் இருந்தது என்பது விசாரணையில்தான் தெரியவருகிறது, நீதிபதிகளால் நம்பவே முடியவில்லை. அம்மா தன் பென்ஷனை ஈடு காட்டிக் கடன் வாங்கி அனுப்பிய பணத்தையோ, சரியாகத் தெரியாத ஒரு குடிகாரனின் ஈமச் செலவுக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அந்தக் குடிகாரனின் மகள் சோனியா, முதல் தடவை தன்னை விற்றுவிட்டு வந்த இரவில் ஒரு வார்த்தை பேசாமல் 30 ரூபிளை மேஜையில் வைத்தாளே, அது எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கம் வரும்?

'லிட்டில் டோரிட்'டிலும் அப்படி ஒரு இடம். இருபது வருடத்துக்கு மேல் கடன் சிறையில் கிடந்த டோரிட்டுக்கு எதிர்பாராமல் சொத்து வருகிறது. வெளியே போகும் முன் பழைய கடனையெல்லாம் அடைப்பார். சிறையிலேயே பிறந்த மகள் ஏமி ஒரு கேள்வி கேட்கிறாள். அப்பா இத்தனை வருட வாழ்க்கையை இழந்துவிட்டாரே, அதற்கு மேல் பணத்தையும் கட்ட வேண்டுமா? கேட்டுக்கொண்டிருக்கும் நல்ல மனிதனுக்கு இது சிறையின் கறை மாதிரிப் படுகிறது. வாசகருக்கு? கணக்குப்படி அவர் சரி, ஏமி தப்பு. ஆனால் படித்து முடித்து ரொம்ப நாளைக்குப் பிறகும் கூடவே வருவது ஏமியின் கேள்விதான்.

கோரியோ செத்தபோது மகள்கள் வரவில்லை. குடும்பச் சின்னம் பொறித்த இரண்டு காலி வண்டிகள் சவ ஊர்வலத்தில் வருகின்றன. குழி தோண்டுகிறவர்களுக்குக் கொடுக்க ராஸ்டின்யாக்கிடம் காசு இல்லை, விடுதி வேலைக்காரனிடம் 20 சூ கடன் வாங்குகிறான். அவ்வளவு பெரிய நாவலில் பல ஆயிரம் பிராங்க் கை மாறுகிறது. அன்பினால் வாங்கப்பட்ட கடன் இந்த 20 சூ.

கடன் குற்றமாகும்போது

ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்ற சொல்லுக்குக் கடன் என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். தமிழில் 'கடன்' என்றால் திருப்பித் தர வேண்டியதும்தான், கடமையும்தான். ஐரோப்பிய நாவலின் கடைசித் திருப்பம் இந்த இரட்டை அர்த்தத்தில் இருக்கிறது.

தாமஸ் மன் 26 வயதில் வெளியிட்ட 'புடன்புரூக்ஸ்' ஒரு தானிய வியாபாரக் குடும்பத்தின் நாலு தலைமுறை. இரவில் நிம்மதியாகத் தூங்க விடாத வியாபாரத்தைப் பகலில் செய்யாதே என்பது குடும்ப விதி. மூன்றாம் தலைமுறை தாமஸ், பணமுடை வந்த ஒரு நிலக்கிழாரின் விளைச்சலை வயலில் நிற்கும்போதே மலிவாக வாங்கி அந்த விதியை மீறுகிறார். கம்பெனியின் நூறாவது ஆண்டு விழா நடக்கும்போது தந்தி வருகிறது, ஆலங்கட்டி மழையில் பயிர் போய்விட்டது. பணம் போனது பெரிதில்லை, இது தண்டனை என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

அவருடைய சின்னப் பையன் ஹானோ ஒரு நாள் குடும்பப் பதிவேட்டை எடுத்து, தன் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்து அழகாக இரட்டைக் கோடு போடுகிறான். கணக்கு முடிந்தால் போடுகிற அதே இரட்டைக் கோடு. அப்பா அதட்டிக் கேட்டபோது, இதற்கு மேல் ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்று திக்கிச் சொல்கிறான். அப்படியே ஆகிறது. டைஃபாய்டில் அவன் சாக, வம்சம் முடிகிறது.

அடுத்தது காஃப்கா. 'உருமாற்றம்' (1915) குறுநாவலில் கிரிகோர் வேலையை விடாமல் இருப்பதற்கே காரணம் அப்பா அம்மா முதலாளியிடம் பட்ட கடன், அது அடைய இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். அவன் பூச்சியான பிறகுதான் தெரிகிறது, அப்பாவிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்திருக்கிறது. 1925ல் வந்த 'விசாரணை'யிலோ தொகையும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை, பத்திரமும் இல்லை. ஒருவன் கைது செய்யப்படுகிறான், எதற்கென்று கடைசி வரை சொல்லப்படுவதில்லை. எம்மாவுக்காவது 8,000 என்று ஒரு எண் இருந்தது.

அந்த 8,000ல் என்ன மிஞ்சியது? எல்லாவற்றையும் விற்ற பிறகு 12 பிராங்க் 75 சாந்தீம். அது எம்மாவின் குழந்தை பெர்த் பாட்டி வீட்டுக்குப் போகும் வழிச் செலவுக்கு ஆனது. பாட்டியும் அதே வருடம் செத்துப்போக, ஒரு ஏழை அத்தை குழந்தையைப் பஞ்சாலை வேலைக்கு அனுப்புகிறாள். வழக்குப் போட்ட அரசு வக்கீல் எம்மாவின் காதலர்களை எண்ணினார். ஃப்ளாபேர் கடைசிப் பக்கத்தில் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார்.

அடுத்து எந்த ஐரோப்பிய நாவலை எடுத்தாலும் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். முதலில் வரும் தொகையையும் கடைசியில் வரும் தொகையையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்துவிடும். பிறகு, யாரும் திருப்பிக் கேட்காமல் யாரோ யாருக்கோ கொடுத்தது எதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நாவல் அங்கேதான் இருக்கும்.